எட்டு மில்லி

எங்கள் தெருவில் அவருக்கு வெந்நீர் வாத்தியார் என்று பேர். கல்லூரி வேதியியல் கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேராசிரியர் கிடையாது. பேராசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனதை மேசைமேல் செய்து காட்டுகிறவர். வீட்டில் இருந்த இரண்டு குளியலறையில் ஒன்றைக் காலி பண்ணி, அதற்குள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகிறதா என்று இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரு வேறு என்ன பேர் வைக்கும்? பேர் வைத்தது சலூன்காரர். பரப்பியது நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் நல்லவன் வேஷம் போட எனக்கு வராது.

என் தொழில் கண்ணாடி ஊதுவது. கல்லூரிக்குப் பின்பக்கத்தில், லாண்டரிக்கும் டயர் கடைக்கும் நடுவே என் பட்டறை. சோதனைக்கூடத்துக் குழாய், குப்பி, புனல் எல்லாம் செய்வேன். உடைந்தால் ஒட்டியும் கொடுப்பேன். வாத்தியாருக்கு வேண்டிய பாத்திரங்களும் என் கைவேலைதான். அவர் அதை செல் என்பார். ஒரு சாண் உயரக் குவளை, மேலே மூடி, மூடி வழியாக உள்ளே இறங்கும் இரண்டு கம்பிகள். ஒன்று பிளாட்டினம், இன்னொன்று பல்லேடியம். உள்ளே இருப்பது சாதாரணத் தண்ணீர் இல்லை, எடை கூடிய ஹைட்ரஜன் சேர்ந்த கனநீர். அது கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய மாணவர் ஒருவர் எங்கெங்கோ கையெழுத்து வாங்கி, மாதத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

பழகிப் பல வருஷம் கழித்து ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"வாத்தியாரே, அப்படி என்னதான் தேடுறீங்க இதுக்குள்ள?"

"சூரியனுக்குள்ள என்ன நடக்குது, தெரியுமா?"

"தீ எரியுது."

"தீ இல்லய்யா. அணுவும் அணுவும் ஒட்டிக்குது. ஒட்டும்போது சூடு வருது. அதுக்குக் கோடி டிகிரிக்கு மேல வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. இந்தக் கம்பிக்குள்ள ஹைட்ரஜனை நெருக்கி அடைச்சா சும்மா தண்ணிக்குள்ளயே ஒட்டிக்கும்னு ஒரு காலத்துல ரெண்டு பேர் சொன்னாங்க. பேப்பர்லல்லாம் வந்துச்சு."

"அப்புறம்?"

"ஆளாளுக்குச் செஞ்சு பார்த்தாங்க. நிறைய பேருக்கு வரலை. சில பேர் வந்துச்சுன்னாங்க. ஒரே சண்டை. கடைசியில இதைப் பத்திப் பேசினாலே ஆள் சரியில்லைன்னு ஆயிடுச்சு."

"உங்களுக்கு?"

"உள்ள போற மின்சாரத்தைவிட வெளிய வர்ற சூடு கூடத்தான்யா இருக்கு. ஒரு வாட்டுல பத்துல மூணு பங்கு."

ஒரு டம்ளர் டீயை ஆறாமல் வைத்திருக்கக்கூட அது போதாது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் காலையிலும் போய் அதையே அளந்தார்.

முதல் ஒன்பது வருஷம் அந்தப் பத்தில் மூன்றும் வரவில்லை. பிறகு நான் புது மாதிரி செல் செய்து கொடுத்த மாதத்தில் இருந்துதான் வந்தது. "உன் கைராசிய்யா" என்று வாத்தியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கும் அதில் பெருமை உண்டு. தெருவில் அவரைக் கேலி பேசினாலும், கைராசி சங்கதியைச் சொல்லிக்கொள்ள நான் தவறியதில்லை.

அந்தச் சமயத்திலேயே அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. மின்சாரம் ஓட ஓடக் கனநீர் வாயுவாகப் பிரிந்து வெளியே போகும். குறைந்ததைத் தினமும் ஊற்றி நிரப்ப வேண்டும். நடுங்கும் கையால் அது முடியாததால் அந்த வேலை அக்காவிடம் போனது. அக்கா என்பது வாத்தியார் மனைவி. பெரிய ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் இருநூறு நோயாளிகளுக்குக் கஞ்சியும் ரொட்டியும் அளந்து அனுப்பியவர். ஒரு பிடி மாவு வீணாகப் போனாலும் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பதினொரு வருஷமாகக் காலை எட்டு மணிக்கு ஊசியால் கனநீர் ஊற்றி, நோட்டில் எழுதி வைப்பது அவர்தான். ஊருக்குப் போனது கிடையாது. காய்ச்சல் என்று படுத்ததும் கிடையாது.

வாத்தியார் எழுதாத இடம் இல்லை. பத்திரிகைகள், ஆராய்ச்சி நிலையங்கள், முகம் தெரியாத பேராசிரியர்கள் என்று முப்பது கடிதங்களுக்கு மேல் போயிருக்கும். பதில் வந்தது நாலே நாலுக்கு. நாலிலும் ஒரே பாட்டு: இந்தப் பொருளில் வரும் கட்டுரைகளை நாங்கள் பரிசீலிப்பதில்லை.

"தப்புன்னா எங்க தப்புன்னு சொல்லணும்ல? பிரிச்சுப் படிக்காமலே திருப்பி அனுப்புறாங்கய்யா" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். அதுதான் எனக்குக் கேட்கக் கஷ்டமாக இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு நாள், குடை இல்லாமல் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு என் பட்டறைக்குள் நுழைந்தார். கையில் இருந்த கடிதம் மட்டும் நனையவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"படி."

தூரத்து ஊரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம். அங்கே சூட்டை அளப்பதையே வேலையாகப் பார்க்கும் ஒரு அம்மா எழுதியிருந்தார். காகிதத்தில் இருப்பதை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று வாரம் விடுமுறை போட முடியும். என் கருவிகளோடு வந்து பார்க்கட்டுமா?

"வரச் சொல்லுங்க! இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"சொல்லிட்டேன்யா. தபால் ஆபீஸ்ல இருந்துதான் வர்றேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் துடைத்தார்.

சோதனை அறைக்கு வெள்ளை அடித்தார்கள். பின் அறையைக் காலி பண்ணி, நல்ல மெத்தையாகப் பார்த்துப் போட்டார்கள். "வெந்நீர் குடிக்க விருந்தாளி வருதாமே" என்று சலூன்காரர் கேட்டார். வழக்கமாக நானும் ஒத்து ஊதுவேன். அன்றைக்கு ஏனோ பட்டறைக்கு நடையைக் கட்டினேன்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. இரண்டு பெட்டி நிறையக் கருவிகள். நாங்கள் அவருக்கு அளவு அம்மா என்று பேர் வைத்தோம். முதல் நாள் முழுக்க மின்சார மீட்டரையும் தெர்மாமீட்டர்களையும் தன் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அக்கா முட்டையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து வெண்ணெய் போட்டு வைத்ததை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். "மீட்டர் வேலையைச் சுத்தமா செஞ்சிருக்கீங்க சார்" என்று வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொன்னார். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் நாள் காலை, பழைய செல்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் நானும் போயிருந்தேன். வாத்தியார் கூடத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மணி எட்டு. அக்கா கையைக் கழுவித் துடைத்து, ஊசியில் மிகச் சரியாக எட்டு மில்லி கனநீர் எடுத்தார். மூடியில் இருந்த துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். செல்லின்மேல் நான் கீறிக் கொடுத்திருந்த கோட்டைத் தண்ணீர் தொட்டதும் நிறுத்தினார். ஊசியில் மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலிலேயே விட்டு, மூடியை இறுக்கினார். நோட்டை எடுத்துத் தேதி போட்டு, எட்டு என்று எழுதினார்.

"ஊசியில மிச்சம் எவ்வளவும்மா இருந்துச்சு?" என்றார் அளவு அம்மா.

"ஒண்ணரை இருக்கும்."

"தினமும் மிஞ்சுமா?"

"மிஞ்சும். கொஞ்சம் கூடக் குறைய."

"நோட்டுல எட்டுன்னு எழுதினீங்களே?"

"எட்டுதானே எடுத்தேன்?"

அளவு அம்மா நோட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். எட்டு, எட்டு, எட்டு. அலமாரியில் அடுக்கியிருந்த மற்ற நோட்டுகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "சரிம்மா. இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம். டீ இருக்கா?" என்று கேட்டார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மதியம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அக்கா குடையோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். நான் அடுப்புத் தீயைக் குறைத்தேன்.

"தம்பி, அந்தப் பொண்ணு ஏன் அப்படிக் கேட்டுச்சு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கிற?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. வாத்தியார் எனக்கு எத்தனையோ தடவை விளக்கிய விஷயம்தான். தண்ணீர் இரண்டு வாயுவாகப் பிரிந்து, குமிழியாக வெளியே போய்விட வேண்டும். அந்த இரண்டும் உள்ளேயே மறுபடி சேர்ந்துகொண்டால் சத்தமில்லாமல் எரிந்து திரும்பத் தண்ணீர் ஆகிவிடும். எரிந்தால் சூடு வரும். அந்தச் சூட்டுக்கும் சூரியனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"அப்படி உள்ள எரிஞ்சா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"தண்ணி குறைவாத்தான் இறங்கும்க்கா. அவர் ஓட்டுற மின்சாரத்துக்கு ஒரு நாளைக்கு எட்டு மில்லி இறங்கணும். எட்டும் இறங்கினா எரியலைன்னு அர்த்தம். எல்லாக் கடிதத்துலயும் அதைத்தான் எழுதியிருக்கார். பதினொரு வருஷமா எட்டு எட்டாத்தான் இறங்குதுன்னு."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் மிச்சம் பிடிக்கிறேன்னு நினைச்சேன் தம்பி. கிடைக்கிறதே கஷ்டம், ஒரு பாட்டில் முப்பது நாள்தான் வரும்னார். என் கையில முப்பத்தெட்டு நாள் வந்துச்சு. சிந்தாம ஊத்துறேன், அதான் வருதுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில அப்படித்தான். பத்துப் படி எடுப்போம், மிஞ்சினதைக் கொட்டி வைப்போம், எடுத்தது பத்துன்னு எழுதுவோம். யாரும் கேட்டதில்லை."

"உங்க மேல தப்பில்லக்கா."

"அப்போ அந்தச் சூடு?"

 லாண்டரியில் இருந்து நீராவி வந்து வாசல் வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பிறகு நான் ஒன்று சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

"அக்கா, நாளையில இருந்து எட்டையும் ஊத்திடுங்க. தண்ணி கோட்டுக்குக் கொஞ்சம் மேல நிக்கும். கோட்டை வேணா நான் அழிச்சு மேல போட்டுத் தர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா என்னை அப்படி ஒரு பார்வை பார்த்து நான் கண்டதில்லை.

"வந்து பாருங்க, வந்து பாருங்கன்னு இருபது வருஷமாக் கத்தினார். இப்போ ஒருத்தி வேலையை விட்டுட்டு வந்து பார்க்கிறா. அவளுக்குப் பொய்யைக் காட்டச் சொல்றியா?"

"வாத்தியார் உடைஞ்சு போயிடுவாருக்கா."

"அதான் தம்பி பயமா இருக்கு. என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். திட்டிட்டார்னாக்கூடத் தேவலை." குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "காலையில நீயும் வா. நான் தனியா நின்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் போனேன். மூவரும் சாப்பாட்டு மேசையருகே இருந்தார்கள். வாத்தியார் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே, அளவு அம்மாவிடம் எதையோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை.

"என்னங்க. நான் தினமும் எட்டு ஊத்தலை."

"என்ன?"

"எட்டு எடுப்பேன். கோடு வர்ற வரைக்கும் ஊத்துவேன். மிஞ்சுறதைப் பாட்டில்லயே விட்டுடுவேன். எழுதுறது எடுத்ததைத்தான்."

வாத்தியார் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "எவ்வளவு மிஞ்சும்?"

"ஒண்ணரை. சில நாள் அதுக்கும் மேல."

"எப்போ இருந்து?"

"நான் ஊத்த ஆரம்பிச்ச நாள்ல இருந்து."

சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்தார். செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். கை நடுக்கத்தில் எண்கள் கோணலாக விழுந்தன. அவ்வளவு கனநீரின் வாயு உள்ளேயே எரிந்தால் எவ்வளவு சூடு வரும் என்று பெருக்கி, வகுத்து, கடைசி எண்ணின் அடியில் ஒரு கோடு போட்டார். பத்தில் மூன்று. அச்சு அசலாக அதே பத்தில் மூன்று.

 பென்சிலை வைத்துவிட்டு அளவு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு நேத்தே தெரியும், இல்லையா மேடம்?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லலை?"

"அம்மாவே சொல்வாங்கன்னு தோணுச்சு. அவங்க சொல்றதுதான் முறைன்னும் பட்டுச்சு. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு நானே சொல்லியிருப்பேன்."

என் முறை வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. உள்ளே எரிகிறது என்றால் எதன்மேல் எரிகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. பல்லேடியம் கம்பிக்கு மூடியில் இருந்து தண்ணீருக்குள் வரைக்கும் கண்ணாடி உறை போட்டிருப்பேன், வாயு இரண்டும் வெறும் கம்பியைத் தொட்டால் அதன்மேலேயே சேர்ந்து எரிந்துவிடும் என்பதற்காக. ஆனால் ஹைட்ரஜன் ஏறினால் அந்தக் கம்பி வீங்கும். வீங்கி, உறைகளை வரிசையாக உடைத்தது. உடைந்து உடைந்து அலுத்துப்போய், புது மாதிரி செல்லில் உறையைக் குட்டையாக நிறுத்திவிட்டேன். தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை கம்பி வெறுமனே நின்றது. அதில்தான் எரிந்திருக்கிறது. என் கைராசியின் லட்சணம் இவ்வளவுதான்.

தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்யா" என்றார் வாத்தியார். "உறை குட்டையா இருக்கேன்னு அன்னைக்கே பார்த்தேன். யோசிக்கவும் செஞ்சேன். தண்ணி எட்டு எட்டா இறங்குது, அப்புறம் என்னன்னு விட்டுட்டேன்."

"சாதாத் தண்ணி ஊத்தினா கூடுதல் சூடு வரலைன்னு எழுதியிருந்தீங்களே, அது எந்த செல்லுல சார்?" என்றார் அளவு அம்மா.

"பழைய செல்லுல. நீள உறை. சும்மா தண்ணிக்கு எதுக்குப் புதுசுன்னு..." பாதியில் நிறுத்தி, நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்தது. "என்னாலதான். பதினொரு வருஷத்தையும் நானே பாழாக்கிட்டேன்."

"இங்க வா. உட்காரு." நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீ என்கிட்டச் சொன்னே, ஞாபகம் இருக்கா? பாட்டில் முப்பத்தெட்டு நாள் வருதுன்னு சொன்னே. அந்தக் கதவுகிட்ட நின்னுதான் சொன்னே. நான் என்ன பண்ணினேன்? நீ ஊத்தினா கனநீர்கூட வளருதுன்னு சிரிச்சேன். என்னை யாருமே காதுல வாங்கலைன்னு ஊர் ஊரா எழுதினேன். நீ சொன்னதை நான் வாங்கலை."

"நான் பெருமைக்குச் சொன்னேங்க."

"நான்தான் கேட்டிருக்கணும்."

அக்காவின் கையை எடுத்து மேசைமேல் வைத்து, தன் நடுங்கும் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். அளவு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் கேட்டார். "மேடம், உங்களுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"பதினெட்டு நாள்."

"உறையை நீளமா போட்டு ஒருதடவை ஓட்டிப் பார்ப்போமா? கணக்குல வந்தது கணக்குல வந்ததாத்தானே இருக்கு. அளந்து பார்க்கணும்ல?"

"அதைக் கேப்பீங்கன்னுதான் உட்கார்ந்திருக்கேன் சார்" என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம்.

இரண்டு நாள் பட்டறையைவிட்டு நான் நகரவில்லை. பிளாட்டினம் வீங்காது, கண்ணாடியோடு ஒட்டி உறவாடும். அதனால் பல்லேடியத்தின் தலையில் பிளாட்டினம் கம்பியை வாத்தியார் பற்றவைத்துக் கொடுக்க, அந்தப் பிளாட்டினத்தின்மேல் உறையை உருக்கி ஒட்டி, ஒட்டுப் போட்ட இடம் தண்ணீருக்குள் ஆழமாக நிற்கும்படி செய்தேன். தீ மஞ்சளாக இருக்கும்போது கண்ணாடியை மெல்லச் சூடாக்கி, நீலமாக்கி உருக்கி, திரும்ப மஞ்சளில் காட்டி ஆற விடவேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். முதல் இரண்டும் விட்டன. மூன்றாவதை ஒரு இரவு முழுக்கச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவைத்து எடுத்தேன். முப்பது வருஷ வேலையில் அதைவிடச் சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை. முன்பே மெனக்கெட்டிருக்கலாம், எவருக்கும் உறைக்கவில்லை.

பத்து நாள் ஓட்டினார்கள். தினமும் எட்டு மணிக்கு நானும் ஆஜர். அக்கா ஊற்றுவார், ஊசியில் மிஞ்சியதைப் பார்த்துக் கழித்து எழுதுவார். எட்டு. எட்டு. ஏழு புள்ளி ஒன்பது. எட்டு. இப்போது உண்மையான எட்டு. பக்கத்துக் கட்டத்தில் கூடுதல் சூடு. அது பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். பிறகு பழைய குட்டை உறை செல்லில் சாதாத் தண்ணீரை ஊற்றி இரண்டு நாள் ஓட்டினார்கள். அந்தப் பத்தில் மூன்று சமர்த்தாக வந்து நின்றது.

எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். வாத்தியாரோ நாளுக்கு நாள் இளகிக்கொண்டே வந்தார். அளவு அம்மாவோடு உட்கார்ந்து பிழை எவ்வளவு, எண் எவ்வளவு என்று வாதாடினார். அந்த அம்மா விட்டுக்கொடுக்காதபோது, "அடேயப்பா" என்று தொடையில் தட்டிக்கொண்டார். இருபது வருஷத்தில் அந்த வீட்டில் அவருக்குச் சரிக்குச் சமமாகப் பேச ஒரு ஆள் கிடைத்தது அப்போதுதான்.

கிளம்பும் நாள் பஸ் நிறுத்தம் வரைக்கும் நாங்கள் மூவரும் போனோம். பெட்டிகளை நான் தூக்கிக்கொண்டேன்.

"இதை நான் எழுதுவேன் சார்" என்றார் அளவு அம்மா. "உங்க பேரும் சேர்ந்து வரும். இல்லைன்னுதான் வரும். பரவாயில்லையா?"

"மேடம், என்னைப் பைத்தியம்னு சொன்னவங்க உண்டு. பொய்யன்னு சொன்னவங்களும் உண்டு. அளந்து பார்த்துட்டுத் தப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."  "ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டு அம்மா பேரையும் போடணும். உண்மையைச் சொன்னது அவதான்."

"அது முன்னாடியே போட்டாச்சு சார்."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பஸ் வந்தது. ஏறப்போன அளவு அம்மா திரும்பி, கொஞ்சம் தயங்கினார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். ஆபீஸ்ல கல்யாணத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். இங்க வர்றேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்."

ஏழு மாதம் கழித்து அச்சில் வந்தது. முதலில் அளவு அம்மா, அடுத்து வாத்தியார், மூன்றாவது அக்கா. அடியில் நன்றி என்று போட்ட இடத்தில் நான். வாத்தியார் எழுதியதைப் பரிசீலிக்க மாட்டோம் என்று சொன்ன அதே பத்திரிகை. சலூன்காரர் அதை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ வாத்தியார் ஜெயிச்சாரா, தோத்தாரா?" என்று கேட்டார்.  அன்றிலிருந்து அந்த வெந்நீர்ப் பேரை நாங்கள் இருவருமே விட்டுவிட்டோம்.

அந்த மாதமே ஒரு கடிதம் வந்தது. ஏழு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் இருந்து, ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் எழுதியிருந்தார். பதினாலு வருஷமாக வீட்டில் ஓட்டுகிறாராம். சூடு கூடுதலாக வருகிறதாம். உங்கள் கட்டுரையைப் படித்தேன், யாராவது ஒருதடவை வந்து பார்த்தால் போதும் என்று முடித்திருந்தார்.

"எழுத்துல உள்ளதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று வாத்தியார் அன்றைக்கே பெட்டியை இறக்கினார். அக்கா தன் ஊசியைத் துணியில் சுற்றி வைத்தார். என்னையும் வரச் சொன்னார்கள். நான் நாலு கண்ணாடிக் குழாயைத் துணிகளுக்கு நடுவே செருகிக்கொண்டேன்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை; அதற்கு அக்கா ஏறும் வழியெல்லாம் சிரித்தார். கதவைத் திறந்த மனிதர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாத்தியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்தார், விடவில்லை.

"இத்தனை வருஷத்துல இதுக்குன்னு இந்தப் படி ஏறி யாரும் வந்ததில்லைங்க" என்றார். கண் நிறைந்துவிட்டது. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீங்க வந்ததே போதும்."

"போதாதுங்க" என்றார் வாத்தியார். "எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க. அளந்து பார்த்துடுவோம்."